நீ அழுத்தியது சிவப்புப் பட்டனைத்தான்

அன்புள்ள லூர்து,

கவர் கனமாக இருக்கிறதே என்று பதறாதே. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. எனக்கு இடது கண்ணில் புரை விழுந்திருக்கிறது, அதனால் வரிகள் கொஞ்சம் மேலும் கீழுமாகப் போகும். பொறுத்துக்கொண்டு கடைசிவரை படி. மறுபடியும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டதாகவும் இந்த வருஷமும் வரப்போவதில்லை என்றும் கிறிஸ்துமஸ் கார்டின் பின்பக்கத்தில் எழுதியிருந்தாய். அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதுவதற்குள் இங்கே ஒன்று நடந்துவிட்டது. நான் சொல்லப்போவதை நீ அறையில் தனியாக இருக்கும்போது படிப்பது நல்லது. கூட இருப்பவர்கள் வந்துவிட்டால் மடித்து வைத்துவிட்டு, அவர்கள் தூங்கப் போனபின் எடுத்துக்கொள்.

போன மாதம் அந்த லிஃப்டின் கண்ட்ரோல் பெட்டி வீட்டுக்கு வந்தது. கேஸை விபத்து என்று முடித்துவிட்டார்களாம். ஒரு போலீஸ்காரர் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து, உன் அண்ணி பிலோவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அரக்கு முத்திரையும் அட்டையும் தொங்கிக்கொண்டிருந்தன. மூடியில் உன் அண்ணன் பெயின்டால் எழுதிய கம்பெனிப் பெயர் அப்படியே இருந்தது. நான் அதைப் பின்கட்டில் எங்காவது போட்டுவிடலாம் என்றுதான் சொன்னேன். பிலோ கேட்கவில்லை. "அத்தை, இது இத்தனை நாளா நம்ம கைல இல்ல. அன்னிக்கு அப்புறம் தம்பி இதைப் பார்க்கவே இல்ல. நான் ஒரு தடவையாவது திறந்து பார்க்கணும்"னு சொன்னாள். அவள் பாலிடெக்னிக் லேபில் பிள்ளைகளுக்கு எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுப்பவள். அவளுக்கு அது ஒரு பெட்டி. எனக்கு அது என் மகனைக் கொன்ற பொருள்.

நீ எதையும் மறந்திருக்கமாட்டாய். இருந்தாலும் அன்று நடந்ததை எனக்குத் தெரிந்தவரை எழுதிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் சொல்லப்போவதை அதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். தென்னூர் வீட்டின் முன்னறையில் நீயும் உன் அண்ணன் அருளும் சரக்கு லிஃப்டுக்கான கண்ட்ரோல் பெட்டி செய்துகொண்டிருந்தீர்கள். அருள் வெளியே அலைந்து ஆர்டர் பிடிப்பான், மோட்டார், ஒயர் எல்லாம் அவன் பார்ப்பான். நீ உள்ளே உட்கார்ந்து அந்தச் சின்ன சிப்புக்குப் புரோகிராம் எழுதுவாய். இரண்டு லிஃப்ட் போட்டு முடித்திருந்தீர்கள். முதலில் பெரிய கடைவீதி மளிகைக் கிடங்கு, அடுத்தது ஸ்ரீரங்கத்துப் பாத்திரக் கடை. கிடங்கில் சிவப்புப் பட்டன், அதாவது லிஃப்டை நிறுத்தும் பட்டன், சில சமயம் பிடிக்கவில்லை என்று ஆள் அனுப்பினார்கள். இரண்டு பேரும் போனீர்கள். அருள் லிஃப்டுக்கு அடியில் இருந்த குழிக்குள் இறங்கி, அங்கே வரும் ஒயரை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நீ மேலே பெட்டியருகே நின்றாய். அவன் "அழுத்து" என்பான், நீ அழுத்துவாய். "விடு" என்பான், விடுவாய். அப்படியே வெகுநேரம் நடந்தது. ஒரு தடவை நீ விட்டதும் கூண்டு கீழே இறங்கியது.

நீ சிவப்புப் பட்டனைத்தான் அழுத்தினேன் என்று அங்கே இருந்தவர்களிடம் சொன்னாய். ஒருவரும் நம்பவில்லை. பக்கத்திலேயே கீழே இறக்கும் கறுப்புப் பட்டன் இருக்கிறது, பதற்றத்தில் கை மாறியிருக்கும் என்றார்கள். யாரும் உன்னைத் திட்டவில்லை, பாவம் பையன் என்றுதான் சொன்னார்கள். அதுதான் உன்னை உடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். அடக்கம் முடிந்து வந்தபின் முன்னறையைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தாய். பெட்டி போலீசிடம் போய்விட்டதால் உன்னிடம் மிச்சமிருந்த இன்னொரு போர்டில், உன் புரோகிராம் ஏற்றிய சிப்பைப் போட்டு, நாள்கணக்காக அழுத்தி அழுத்திப் பார்த்தாய். ஒன்றும் ஆகவில்லை. போர்டு நீ சொன்னபடி கேட்டது. சாப்பாட்டுத் தட்டோடு நான் கதவைத் தட்டினபோது நீ வெளியே வந்து, "அம்மா, புரோகிராம்ல தப்பே இல்ல. அப்ப நான்தான் கறுப்பை அழுத்தியிருக்கேன்"னு சொன்னாய். உன் கண்ணால் பார்த்து, உன் விரலால் செய்த காரியத்தை நீயே நம்புவதை விட்டாய். அடுத்த மாதமே மஸ்கட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஸ்டோர்கீப்பர் வேலைக்குக் கிளம்பினாய். அதற்குப்பின் நீ ஒரு சிப்பையும் தொடவில்லை என்று உன் சிநேகிதன் ஒருவன் வந்து சொன்னான்.

உன் அண்ணி சனிக்கிழமை மதியங்களில் பெட்டியோடு உட்கார்ந்தாள். மோட்டாருக்குப் பதிலாக மூன்று சின்ன பல்புகளை ஒரு பலகையில் மாட்டினாள். மேலே போனால் ஒன்று எரியும், கீழே போனால் ஒன்று, பிரேக் விட்டால் ஒன்று. பட்டன்கள் பெட்டியோடு வந்தவையே, தனித்தனியாகக் கழற்றிப் பலகையில் தள்ளித் தள்ளி மாட்டியிருந்தாள். நான் துணைக்கு உட்கார்ந்திருப்பேன். முப்பது வருஷம் பெண்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ரிட்டயர் ஆனபின் வீட்டில் சும்மா இருப்பவள்தானே நான். பெட்டி நன்றாகத்தான் வேலை செய்தது. மேலே கூப்பிட்டால் மேல்பல்பு, நிறுத்தினால் எல்லாம் அணைந்தது. அவள் ஒவ்வொரு பட்டனாகச் சோதித்து, ஒயரை ஆட்டி, டெஸ்டர் வைத்துப் பார்த்து, சாயங்காலம் சுவிட்சை அணைத்துவிட்டு எழுந்திருப்பாள். இரண்டு மூன்று வாரம் இப்படியே போனது. எனக்குக்கூட, நீ கடைசியில் சொன்னதுதான் சரியோ, கறுப்பைத்தான் அழுத்திவிட்டாயோ என்று உள்ளுக்குள் ஓடியது. உன்னிடம் அதை மறைக்க மனமில்லை.

போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை பிலோ சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். நான் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, வேறு எதையோ நினைத்துக்கொண்டு, சிவப்புப் பட்டனை அழுத்துவதும் விடுவதுமாக இருந்தேன். ஜெபமாலை உருட்டுவது மாதிரி கை தன்பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தது. விரலை எடுத்தேன். கீழே போகும் பல்பு எரிந்தது.

லூர்து, நான் வேறு எந்தப் பட்டனையும் தொடவில்லை. கறுப்புப் பட்டன் என் கைக்கு எட்டாத தூரத்தில், பலகையின் அந்தக் கோடியில் இருந்தது. பல்பு எரிந்துகொண்டே இருந்தது. "பிலோ" என்று கூப்பிட்டது எனக்கே கேட்கவில்லை. டீ டம்ளரோடு வந்தவள் பல்பைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், டம்ளரை மேஜையில் வைக்கத் தெரியாமல் தரையில் வைத்தாள். "எதை அழுத்தினீங்க?" "சிவப்பை." "சிவப்பை மட்டுமா?" "சிவப்பை மட்டும்தான்டி." அந்தக் கணத்தில், அந்தக் கிடங்கில் நீ நின்ற இடத்தில் நான் நின்றேன். நீ சொன்னது உண்மை. நீ அழுத்தியது சிவப்புப் பட்டனைத்தான். இந்தக் கடிதத்தில் வேறு எதையும் நீ படிக்காவிட்டாலும் இந்த ஒரு வரியைப் படித்துவிடு.

பிலோ பெட்டியை அணைத்து மறுபடி போட்டாள். மறுபடி நான் அழுத்தினேன், விட்டேன். இந்தத் தடவை அவள் எண்ணினாள். மறுபடியும் அதே பல்பு. மூன்றாம் தடவையும் அதே எண்ணிக்கையில் எரிந்தது. "ஒயர் லூஸா இருந்தா இப்படிக் கணக்கா வராது அத்தை. இது உள்ள, புரோகிராம்லதான்" என்றாள். சிப்பைக் கழற்றி, உன் மேஜையில் இருந்த கிட்டில் மாட்டி, அதற்குள் இருப்பதை ஒவ்வொரு எண்ணாகப் படிக்க ஆரம்பித்தாள். உன் புரோகிராமின் காகிதங்களை நான் மடியில் வைத்துக்கொண்டு, எண்களை வாசித்தேன். அவள் திரையில் பார்த்து "ம்" "ம்" என்றாள். பதினாறாம் அடிமானத்தில் எண்களை வாசிப்பது எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை. நிறுத்தும் சப்ரூட்டின் முடிகிற இடத்தில் நான் "இருபத்திரண்டு" என்று வாசித்தேன். அவள் "ம்" சொல்லவில்லை. "இங்க சைபர் ரெண்டு இருக்கு அத்தை. அடுத்து வெத்தா இருக்கவேண்டிய இடத்துல ஒரு அட்ரஸ் இருக்கு" என்றாள்.

இதெல்லாம் உனக்குத் தெரிந்தது. ஆனால் நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை எழுதினால்தான், அம்மா உன்னைத் தேற்றுவதற்காகக் கதை கட்டுகிறாள் என்று நினைக்கமாட்டாய். பிலோ எனக்கு விளக்கியது இதுதான். சிப்பு ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொரு வேலைக்கு, அதாவது சப்ரூட்டினுக்கு, போகும்போது, திரும்பி வரவேண்டிய இடத்தின் முகவரியை ஸ்டாக் என்கிற இடத்தில் வைத்துவிட்டுப் போகிறது. அந்த வேலை முடிந்ததும் உன் இருபத்திரண்டு, "திரும்பு" என்கிறது. உடனே வைத்த முகவரியை எடுத்துக்கொண்டு வந்த வழியே வந்துவிடுகிறது. வைத்ததை எடுத்துவிட்டால் ஸ்டாக் காலியாகிவிடும். இந்தச் சிப்பில் இருந்த சைபர் இரண்டு, "திரும்பாதே, நேராக ஆரம்பத்துக்குப் போ" என்கிறது. போய்விடுகிறது. ஆனால் வைத்த முகவரி எடுக்கப்படாமல் அங்கேயே கிடக்கிறது. அடுத்த தடவை சிவப்பை அழுத்தினால் அதன்மேல் இன்னொன்று. அழுத்த அழுத்த ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போய், கடைசியில், எந்த மாடிக்கு லிஃப்டைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று குறித்துவைத்திருக்கும் இடத்தின்மேல் எழுதிவிடுகிறது. யாரும் கூப்பிடாமலே, கீழே கூப்பிட்டதாக லிஃப்ட் நினைத்துக்கொள்கிறது.

"அப்ப ஏன் இத்தனை நாள் ஆகல?" என்று கேட்டேன். பிலோ, "ஒரு நாள்ல யாரு இத்தனை தடவை ஸ்டாப்பை அழுத்துவா? அதோட கரண்ட் போயிட்டு வந்தா எல்லாம் அழிஞ்சு முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். நம்ம ஊர்ல தினமும் ரெண்டு தடவை கரண்ட் போகுதே, அதான் காப்பாத்திக்கிட்டு இருந்திருக்கு" என்றாள். அருள் போன அன்று காலையிலிருந்து கரண்ட் போகவே இல்லை, உனக்கு நினைவிருக்கிறதா? ஃபேன் காற்றில் காகிதம் பறக்கிறது என்று நீ அணைத்துவிட்டு வேலை பார்த்தாய். கரண்ட் போகாத ஒரு நாளைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன், அன்று மாவு அரைத்து முடித்தேன். இந்த வரி கோணலாகப் போயிருந்தால், கண்ணின் கோளாறு என்று நினைத்துக்கொள்.

யார் மாற்றியது என்று நான் கேட்கவில்லை. சிப்பில் புரோகிராமை எழுதும் கருவி இருந்தது உங்கள் இரண்டு பேரிடம் மட்டும். நீ மாற்றியிருந்தால் காகிதத்தில் இருந்திருக்கும். பிலோ தானாகவே சொன்னாள். "தம்பி மெட்ராஸுக்கு இன்டர்வியூவுக்குப் போயிருந்தப்ப கிடங்குலேர்ந்து ஆள் வந்தாங்க. நிறுத்திட்டு விட்டா, லிஃப்ட் பழையபடி தானே கிளம்பிப் போகுது, அப்படிப் போகக் கூடாது, நின்னே இருக்கணும்னு கேட்டாங்க. இவர் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிட்டேன்னு சொன்னார். தம்பி ஒவ்வொரு சப்ரூட்டின் முடிவுலயும் இடம் விட்டு வெச்சிருக்கான், சிப்பை அழிக்கக்கூட வேணாம், மேலேயே எழுதிட்டேன்னு சிரிச்சார். எனக்கு அது அப்ப காதுல விழுந்துச்சு அத்தை, அவ்ளோதான்."

உன் அண்ணன் அப்படிப்பட்டவன்தான். நீ ஏழாவது படிக்கும்போது வீட்டுக்கணக்கை அரைகுறையாகப் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவாய். காலையில் பார்த்தால் விடைகள் சரியாக இருக்கும், ஆனால் எட்டின் வயிறு மட்டும் உன்னுடையது போல் இருக்காது. கணக்கு டீச்சர் வீட்டில் அதைக் கண்டுபிடிக்காமல் இருக்கமுடியுமா? கேட்டால், "சின்னப்பய தூங்கிட்டாம்மா, எதுக்கு எழுப்பணும்" என்பான். மெட்ராஸில் இன்டர்வியூவுக்கு உட்கார்ந்திருந்த தம்பியை எதற்குத் தொந்தரவு செய்வது என்றுதான் இதையும் நினைத்திருப்பான். வந்தபின் சொல்லலாம் என்று விட்டிருப்பான், பிறகு மறந்திருப்பான். அந்த மாற்றத்தைக் கிடங்கில் போட்டபின் சரியாக ஓடியது, அதனால் நினைவே வந்திருக்காது. மகனே, உனக்கு நான் புத்தி சொல்லும் வயது போய்விட்டது. இருந்தும் ஒன்று சொல்கிறேன். அடுத்தவருக்காக அன்போடு செய்கிற காரியத்தைத்தான் முதலில் அவரிடம் வாயைத் திறந்து சொல்லவேண்டும். மற்றதையெல்லாம் எப்படியும் சொல்லிவிடுகிறோம். அன்பினால் செய்ததைத்தான் சொல்லத் தேவையில்லை என்று விட்டுவிடுகிறோம்.

நான் இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிலோ சடாரென்று எழுந்தாள். "அத்தை, ஸ்ரீரங்கம்!" என்றாள். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. ஸ்ரீரங்கத்துப் பாத்திரக் கடையில் இன்னொரு லிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. அதிலும் அவன் கை வைத்திருந்தால்? அவள் புடவைகூட மாற்றவில்லை. சாவிக்கொத்தும் ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு நடந்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வண்டி கிளம்ப நேரமானது. ஓடிப்போய் ஏறின பஸ்ஸில் நிற்க இடமில்லை. காவிரிப் பாலத்தில் ஒரு மாட்டுவண்டி குறுக்கே நின்றுகொண்டு வழி விடவில்லை. பிலோ கம்பியைப் பிடித்திருந்த கை வெளுத்துப் போயிருந்தது.

கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை அது, உனக்குத் தெரியும். அன்றைக்கு மறுநாள் முகூர்த்தம். மாடியிலிருந்து அண்டாக்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கூண்டு மேலே நின்றது. அதன் கீழே, வெயில் படாத இடம் என்று, இரண்டு ஆட்கள் குந்தி உட்கார்ந்து பொட்டலத்திலிருந்து எதையோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிலோ யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராகச் சுவரில் இருந்த மெயின் சுவிட்சைக் கீழே இழுத்துவிட்டாள். கூண்டில் எரிந்த விளக்கு அணைந்தது. "அங்கேருந்து எழுந்து வாங்க அண்ணே, ரெண்டு பேரும். எழுந்து வாங்க" என்றாள். அவர்கள் மலங்க மலங்கப் பார்த்துக்கொண்டு எழுந்து வந்தார்கள்.

கடைக்காரர் கல்லாவிலிருந்து இறங்கி வந்தார். நெற்றி நிறைய நாமம், காதில் கடுக்கன். "என்னம்மா இது? யாரு நீங்கோ? நாளைக்கு முகூர்த்தம், எல்லாம் மேலே கெடக்கு. சுவிட்சைப் போடுங்கோ முதல்ல" என்று குரலை உயர்த்தினார். பிலோ தாழ்ந்த குரலில், இந்த லிஃப்டைச் செய்தவர்களின் வீடு நாங்கள், இதில் ஒரு கோளாறு இருக்கிறது, சிப்பை மாற்றும்வரை ஓட்டக்கூடாது என்றாள். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "வருஷக் கணக்கா ஓடறது. ஒரு கொறை சொல்ல முடியாது. உங்காத்துல சின்னவர்தானே புரோகிராம் எழுதினவர்? கடைவீதியில கூட அவர்தான் பட்டனை மாத்தி அழுத்திட்டார்னு பேப்பர்ல வந்ததே. அவர் பண்ணின தப்பா இதுவும்?"

லூர்து, நான் பக்கத்தில் நின்றேன். எனக்குப் பேச வாய் வந்தது, ஆனால் என்ன சொல்வது? என் ஒரு பிள்ளையைக் காப்பாற்ற, மண்ணுக்குள் இருக்கும் இன்னொரு பிள்ளையை நான் காட்டிக்கொடுக்கவேண்டும். என்னால் முடியவில்லை. பிலோதான் சொன்னாள். தலையை நிமிர்த்தி, கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, "சின்னவர் பண்ணலைங்க. அவர் எழுதினது சரியா இருந்துச்சு. மாத்தினவர் என் வீட்டுக்காரர். அவர் மாத்தினதுலதான் தப்பு. அந்தத் தப்புலதான் அவர் போனார். இன்னொருத்தர் போகக் கூடாது" என்றாள்.

அண்டாவைத் தூக்கிக்கொண்டு நின்ற ஆள் அதைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தான். கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றி அங்கவஸ்திரத்தில் துடைத்தார். பிறகு, "ஆமாம்மா. பெரியவர் ஒருதரம் வந்து சிப்பை எடுத்துண்டு போய், சாயங்காலமே மாட்டிக் கொடுத்தார். நானா கேட்கலை. கடைவீதிக்காரா கேட்டாளாம், உங்களுக்கும் இருக்கட்டும்னு அவராத்தான் வந்தார். ரொம்ப நல்ல மனுஷர்" என்றார். பிறகு உள்ளே திரும்பி ஆட்களிடம், "எல்லாத்தையும் படியில எறக்குங்கோ. யாரும் இதைத் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டு, எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். பிலோ உட்காரவில்லை. பெட்டியைத் திறந்து சிப்பைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வீட்டில் மாட்டிப் பார்த்தால் அதிலும் அதே இடத்தில் அதே சைபர் இரண்டும் அட்ரஸும்தான். பிலோ ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரவில்லை. உன் மேஜையில் உட்கார்ந்து சிப்பை அழித்து, புதிதாக எழுதினாள். என்ன சேர்க்கவேண்டியிருந்தது என்று கேட்டேன். ஆரம்பத்துக்குப் போவதற்கு முன் ஸ்டாக்கை முதல் இடத்தில் கொண்டுபோய் வைக்கச் சொல்லும் ஒரு வரி. ஒரே ஒரு வரி, லூர்து. அவள் அதைக் காகிதத்தில் எழுதி என்னிடம் காட்டினாள், அப்புறம்தான் அழுதாள். அடக்கத்தன்றுகூட அழாதவள். வருகிறவர்களுக்குக் காபி கலந்துகொடுத்துக்கொண்டே இருந்தாளே, உனக்கு ஞாபகம் இருக்கும். இப்போது மேஜைமேல் தலையைச் சாய்த்து, "ஒரு வரி அத்தை, ஒரு வரி, தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா தம்பி சொல்லியிருக்குமே" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு ஸ்ரீரங்கம் போய் மாட்டினோம். ஆட்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, அவள் சிவப்புப் பட்டனை அழுத்தி விட்டு அழுத்தி விட்டு, என் கால் வலிக்கும்வரை சோதித்தாள். கூண்டு நின்ற இடத்தில் நின்றது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பாலம் தாண்டினபின், "எனக்கு அவர் மேல கோவம் கோவமா வருது அத்தை. செத்தவங்க மேல கோவப்படலாமா?" என்று கேட்டாள். "படலாம்டி. நானும் பட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "தம்பிக்கு நீங்களே எழுதுங்க. நான் எழுதினா, அண்ணி கையெழுத்துன்னு பார்த்துட்டுப் பிரிக்காம வெச்சிடும். என் முகத்தைப் பார்க்க முடியாமத்தானே அது போச்சு" என்றாள். அவள் உன்னை ஒரு நாளும் தவறாக நினைத்ததில்லை, லூர்து. நீ சிவப்பைத்தான் அழுத்தினேன் என்று சொன்னபோது அதை நம்பியது இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான். அதனால்தான் பெட்டியைத் திறந்தாள். திறந்ததற்கு அவளுக்குக் கிடைத்தது இது.

எழுத உட்கார்ந்தபோது, இந்தச் செய்தி உன் நெஞ்சிலிருந்து பாரத்தை இறக்கிவிடும் என்று நினைத்தேன். இத்தனை பக்கம் எழுதியபின்தான் தெரிகிறது, ஒன்றை இறக்கி இன்னொன்றை ஏற்றுகிறேன். இதுவரை உன்னையே வெறுத்துக்கொண்டு, அண்ணனை மட்டும் குறையில்லாமல் வைத்துக்கொண்டிருந்தாய். நான் அதையும் உன்னிடமிருந்து எடுத்துவிட்டேன். இதைச் சொல்லாமலே கண்ணை மூடிவிடலாம் என்று ஒரு நாள் முழுக்க எனக்குத் தோன்றியது. கல்லறைக்குப் போய் அவனிடமே கேட்டேன். பக்கத்துக் கல்லறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள், சுண்ணாம்பு வாசனையில் வெகுநேரம் நின்றேன். வீட்டுக்கு வந்து, உயிரோடு இருக்கிற பிள்ளைக்குத்தான் எழுதவேண்டும் என்று உட்கார்ந்தேன்.

வேலையை விட்டுவிட்டு ஓடிவா என்று நான் சொல்லப்போவதில்லை. ஒப்பந்தம் போட்டவன் நீ, உனக்கு என்ன முடியும் என்று உனக்குத் தெரியும். சிப்பைத் தொடு என்றும் சொல்லமாட்டேன். அது உன் இஷ்டம். ஆனால் இதைப் படித்து முடித்தபின் உனக்கு முதலில் ஆறுதலாக இருக்கும், கொஞ்ச நேரத்தில் கோபம் வரும். எனக்கு அப்படித்தான் வந்தது, பிலோவுக்கும் அப்படித்தான். பெரிய கோபம். அவனைச் சட்டையைப் பிடித்து உலுக்கி, "ஏன்டா சொல்லல?" என்று கேட்கவேண்டும்போல இருக்கும். அவன் இருக்கமாட்டான். அந்தக் கோபத்தை விழுங்காதே, மகனே. விழுங்கினால் அது திரும்ப உன்மேலேயே பாயும். கோபப்படு, நன்றாகக் கோபப்படு. ஆனால் அதைக் கடலுக்கு அந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்து செய்யாதே. அவன்மேல் கோபப்பட இங்கே இன்னும் இரண்டு பேர் இருக்கிறோம்.

உன் அம்மா